90ல் ஓட்டினாலும் மிச்சம் ஏழு விநாடிதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் இதே பகுதியில் ஒரு வாசகர் கடிதம் வந்திருந்தது. சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் 29 கிலோமீட்டர். மின்சார ரயில் அதற்கு 55 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 32 கிலோமீட்டர்கூடத் தேறவில்லை. தன் பைக்கே 60ல் போகிறது. ஆகவே ரயிலை 90ல் ஓட்டச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். உட்கார்ந்து வகுத்துப் பார்த்தாரே, அதற்காகவே அவரைப் பாராட்டலாம். பெரும்பாலானவர்கள் ‘ஊர்ந்து போறான்’ என்று திட்டுவதோடு சரி. ஆனால் அவர் கேட்கிறபடி 90ல் ஓட்டினால் ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவில் அவருக்கு மிச்சமாகும் நேரத்தில் தாம்பரம் பாலத்தின் மேல்படிக்கட்டுகூட ஏற முடியாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் அந்தப் பாதையில் மோட்டார்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் சரக்கு வண்டி, அப்புறம் பாசஞ்சர், கடைசியில் யூனிட் என்று நாங்கள் சொல்லும் மின்சார ரயில். அந்தக் கடிதத்தை என் பேத்திக்குப் படித்துக் காட்டினேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் அறிவியல் புத்தகத்தில் ‘இயக்கம்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. வேகம், திசைவேகம், முடுக்கம் எல்லாம் அதில்தான் வருகிறது. “தாத்தா, 32ங்கிறது சராசரி வேகம்” என்று சட்டென்று சொல்லிவிட்டாள். சரி, அப்படியானால் கோடம்பாக்கத்துக்கும் மாம்பலத்துக்கும் நடுவில் வண்டி என்ன வேகத்தில் போகும் என்று கேட்டேன். “32ல” என்றாள்.

தேர்வில் முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளை அவள். பிழை அவளுடையது இல்லை. தூரத்தை நேரத்தால் வகு, வேகம் வரும் என்று சொல்லிக் கொடுத்து, அந்த எண்ணை வண்டியின் நெற்றியில் ஒட்டிவிடுகிறோம். கேபினில் உட்கார்ந்து பார்த்தால் ஸ்பீடோமீட்டர் முள் 32ல் நிற்பதே கிடையாது. ஏறும்போது ஒரு தடவை அந்த எண்ணைத் தாண்டும், இறங்கும்போது ஒரு தடவை தாண்டும். கடற்கரை முதல் தாம்பரம் வரை 18 ஸ்டேஷன், நடுவில் 17 இடைவெளி. ஆக ஒரு பயணத்தில் 32ஐ எப்படியும் 34 தடவை கடந்து போகிறோம். மற்ற நேரமெல்லாம் அதற்கு மேலே, இல்லாவிட்டால் கீழே, இல்லாவிட்டால் பூஜ்யம். பிளாட்பாரத்தில் நிற்கிற நேரமும் வகுக்கும்போது கீழே வருகிற 55 நிமிடத்துக்குள்தான் இருக்கிறது.

வாசகர் தன் பைக்கைப் பற்றிச் சொன்னதிலும் இதே கோளாறுதான். பைக்குக்கு அவர் எடுத்துக்கொண்டது முள் தொட்ட உச்சம். ரயிலுக்கு எடுத்துக்கொண்டது மொத்த நேரத்தால் வகுத்த சராசரி. பைக்கையும் பாரிமுனையில் கிளப்பி, ஒவ்வொரு சிக்னலிலும் நின்று, கத்திப்பாரா தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரம், குரோம்பேட்டை நெரிசலில் கால் ஊன்றித் தள்ளி, தாம்பரத்தில் நிறுத்தும் வரை கடிகாரத்தை ஓடவிட்டு வகுக்கட்டும். சாயங்காலம் ஆறரை மணிக்கு அந்தக் கணக்கைப் போட்டால் 60 எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

இப்போது அவர் கேட்ட 90க்கு வருகிறேன். கணக்கு எளிது, பேத்தியும் நானும் ஒரு தாளில் போட்டோம். 29 கிலோமீட்டரை 17ஆல் வகுத்தால் ஓர் இடைவெளி ஏறக்குறைய 1,700 மீட்டர். வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 20 மீட்டர். கிளம்பியதும் ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு அரை மீட்டர் கூடுகிறது, நிற்கும்போதும் அதே வீதத்தில் குறைகிறது என்று கொள்வோம். பூஜ்யத்திலிருந்து 20க்கு வர 40 விநாடி. அந்த 40 விநாடியில் சராசரி வேகம் 10 என்பதால் 400 மீட்டர் ஓடியிருக்கும். நிற்பதற்கும் அதே 40 விநாடி, அதே 400 மீட்டர். மீதி 900 மீட்டரை முழு வேகத்தில் ஓட 45 விநாடி. மொத்தம் 125 விநாடி.

உச்ச வேகத்தை 90 ஆக்குவோம், அதாவது விநாடிக்கு 25 மீட்டர். ஏறுவதற்கு 50 விநாடி, அதற்குள் 625 மீட்டர் போய்விட்டது. இறங்குவதற்கும் அப்படியே. முழு வேகத்தில் ஓட மிஞ்சுவது வெறும் 450 மீட்டர், அதற்கு 18 விநாடி. மொத்தம் 118.

மிச்சம் ஏழு விநாடி. பேத்தி நம்பவில்லை, மறுபடியும் போட்டுப் பார்த்தாள். ஏழுதான். 17 இடைவெளிக்கும் சேர்த்து 119 விநாடி, இரண்டு நிமிடம். இதுவும் நான் தாராளமாகப் போட்ட கணக்கு. நிஜ வண்டியில் வேகம் ஏற ஏற மோட்டார் இழுக்கும் பலம் குறையும். 70லிருந்து 90க்குப் போக எடுக்கும் நேரம், நிற்கும் நிலையிலிருந்து 20க்குப் போக எடுக்கும் நேரத்தைவிட நிறையவே கூடுதல். ஆகவே கையில் கிடைப்பது ஏழுகூட இருக்காது.

உச்ச வேகத்தைக் கூட்டாமல், அதை எட்டும் விதத்தை மாற்றினால் என்ன ஆகும்? 72லேயே வைத்துக்கொண்டு, வேகம் கூடுவதையும் குறைவதையும் விநாடிக்கு 0.8 மீட்டர் வீதம் ஆக்கிப் பாருங்கள். ஏறுவதற்கு 25 விநாடி, இறங்குவதற்கு 25, நடுவில் 1,200 மீட்டருக்கு 60. மொத்தம் 110 விநாடி. மிச்சம் 15. உச்ச வேகத்தைக் கூட்டிக் கிடைத்ததைப் போல இரண்டு மடங்கு. மெட்ரோ ரயில் ‘பறக்கிறது’ என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதில் பாதி ரகசியம் இதுதான். நெருக்கமான ஸ்டேஷன்களுக்கு நடுவில் ஓடும் வண்டிக்கு உச்ச வேகத்தைவிட முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம்தான் முக்கியம். மீதிப் பாதி கதவில் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முடுக்கத்தை இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது. நம் வண்டியில் பாதிப் பேர் நின்றுகொண்டு வருகிறவர்கள். ஒரு கையில் கைப்பிடி, ஒரு கையில் போன். மாம்பலத்தில் வண்டியை நிறுத்துவது எப்படி என்று சொன்னால் இது புரியும். கோடம்பாக்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே கரண்ட்டை எடுத்துவிடுவேன். வண்டி தன் போக்கில் ஓடும், முள் மெதுவாக இறங்கும். பிளாட்பாரம் தொடங்குகிற இடத்தில் முள் எங்கே இருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கைக்குத் தெரியும். பிரேக்கை ஒரேயடியாகப் போடக் கூடாது; முதலில் நன்றாகப் பிடித்து, போகப்போக விட்டுக் கொடுக்க வேண்டும். 12 பெட்டி வண்டி நிற்க வேண்டிய போர்டு பக்கத்தில் வந்ததும், நிற்பதற்குச் சற்று முன்னால் பிரேக்கை இன்னும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அதைச் செய்யாவிட்டால் வண்டி நின்ற மறுகணம் எல்லோரையும் பின்பக்கம் ஒரு தள்ளு தள்ளும். பிரேக் பிடித்திருந்த நேரமெல்லாம் முன்னால் சாயாமல் இருக்கத் தசைகளை இறுக்கி நின்றிருப்பார்கள். வேகக் குறைவு திடீரென்று அறுந்து பூஜ்யமானதும் அந்த இறுக்கம் ஆளைப் பின்னால் தள்ளுகிறது. முடுக்கமே எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதற்கும் இயற்பியலில் கணக்கு உண்டு. பள்ளிப் புத்தகத்தில் அது இல்லை; கைப்பிடி பிடித்து நிற்கிற பாட்டிக்கு அதுதான் முக்கியம்.

முதல் தூறல் விழும்போது இதெல்லாம் இன்னும் கஷ்டம். கொட்டுகிற மழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். தூறல் அப்படி இல்லை. அழுக்கோடும் துருவோடும் கலந்து வழவழவென்று ஆக்கிவிடும். சக்கரம் வழுக்கினால் வேகம் குறையும் வீதம் நம் கையில் இல்லை. கார்த்திகை மாதத்தில் வண்டி பிளாட்பாரத்துக்குள் பயந்து பயந்து நுழைகிற மாதிரி தெரிந்தால் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

இனி திசை. பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் அலுப்புத் தட்டுகிற இடம் இதுதான். ‘ஓரலகு காலத்தில் ஏற்படும் இடப்பெயர்ச்சி திசைவேகம்’ என்று பேத்தி மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள். எதற்கு அது என்று கேட்டால் தெரியவில்லை. வரைபடத்தை எடுத்து கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நேராக ஒரு கோடு போட்டோம். ஏறக்குறைய 26 கிலோமீட்டர், அச்சு அசலாகத் தென்மேற்கே. தண்டவாளமோ 29. ஏனென்றால் எழும்பூரிலிருந்து மேற்கே போய், நுங்கம்பாக்கம் பக்கம் வளைந்து தெற்கே திரும்பி, கிண்டிக்கு அப்புறம் மறுபடியும் தென்மேற்கைப் பிடிக்கிறது. ஆகவே 55 நிமிடப் பயணத்தின் சராசரி வேகம் 32 என்றால், சராசரி திசைவேகம் தென்மேற்கே மணிக்கு 28 கிலோமீட்டர்தான். வண்டி மறுபடியும் கடற்கரைக்கே திரும்பிவிட்டால் இடப்பெயர்ச்சி பூஜ்யம், சராசரி திசைவேகமும் பூஜ்யம். “அப்போ உங்களுக்கு எதுக்கு சம்பளம் குடுத்தாங்க?” என்று கேட்டாள். நல்லவேளை, ரயில்வேயில் ஓட்டுகிறவர்களுக்கு மைலேஜ் அலவன்ஸ் கொடுப்பது ஓடிய தூரத்தைப் பார்த்துத்தான்.

திசையின் கனம் தெரிவது வளைவில். முள் ஒரே எண்ணில் அசையாமல் நிற்கும், ஆனால் நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். வேகம் மாறவில்லை, திசை மாறுகிறது. அப்படியானால் திசைவேகம் மாறுகிறது, அதுவும் முடுக்கம்தான். அந்தப் பக்கவாட்டு முடுக்கம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 72க்குப் பதில் 90ல் அதே வளைவில் போனால் வேகம் கால் பங்குதான் கூடியிருக்கிறது, பக்கவாட்டில் வேண்டிய விசை ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும். தண்டவாளமும் சக்கரத்தின் விளிம்பும்தான் அதைத் தாங்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வேகக் கட்டுப்பாடு. வாசகர் கேட்ட 90, நேரான பாதையில் கிடைத்தாலும் எழும்பூர் பக்கத்து வளைவுகளில் கிடைக்காது.

சராசரி என்பதில் இன்னொரு பொறி இருக்கிறது. அதில் பெரியவர்களே மாட்டிக்கொள்கிறார்கள். பாதையில் எங்காவது வேலை நடந்தால் எங்களுக்குக் காஷன் ஆர்டர் கொடுப்பார்கள், இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை 20க்கு மேல் போகாதே என்று. அப்படி ஒரு கிலோமீட்டர் இருந்தால், 60ல் ஒரு நிமிடத்தில் போகிற தூரத்துக்கு மூன்று நிமிடம் ஆகிறது. போனது இரண்டு நிமிடம். அடுத்த பத்து கிலோமீட்டரில் அதைப் பிடித்துவிடலாம் என்று நினைப்போம். 60ல் பத்து நிமிடம் ஆகிற பத்து கிலோமீட்டரை எட்டு நிமிடத்தில் ஓட வேண்டும், அதாவது நிற்காமல் 75ல். நடுவில் ஆறு ஸ்டேஷன் இருக்கிற பாதையில் அது நடக்கிற காரியமா? இதோடு போகவில்லை. கட்டுப்பாடு முடிகிற போர்டைக் கேபின் தாண்டியதும் வேகத்தைக் கூட்டிவிட முடியாது, கடைசிப் பெட்டியும் தாண்ட வேண்டும். வண்டி நீளம் ஏறக்குறைய 250 மீட்டர். 20ல் அதைக் கடக்க இன்னொரு 45 விநாடி. பாதித் தூரம் 60, பாதித் தூரம் 30 என்றால் சராசரி 45 என்று மனசு சொல்லும். போட்டுப் பார்த்தால் 40தான் வரும், ஏனென்றால் மெதுவாகப் போகிற பகுதியில்தான் நாம் அதிக நேரம் இருக்கிறோம். மெதுவாகப் போனதை வேகம் ஈடுகட்டாது.

(இந்தப் பாதையோரத்தில் மிகக் குறைந்த சராசரி வேகம் எந்த மோட்டார்மேனுடையதும் இல்லை. 1802ல் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியபோது, பரங்கிமலை அடிவாரத்தில் ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி போட்டு அளந்தார். 57 நாள் ஆயிற்று. நாளுக்கு 210 மீட்டர் சொச்சம். நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்த அந்த வேலை, அவசரப்படாமல் அளந்த அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கியது.)

அப்படியானால் நேரம் எங்கே போகிறது? என் கணக்குப்படி 17 இடைவெளிக்கு 125 விநாடி வீதம் முப்பத்தைந்தரை நிமிடம். நடுவில் உள்ள 16 ஸ்டேஷனில் அரை நிமிடம் வீதம் நின்றால் எட்டு நிமிடம். இதுவே நாற்பத்து மூன்றரை ஆகிவிட்டது. வாசகர் சொல்லும் 55க்கு மீதியுள்ள பதினொன்றரை நிமிடம் வளைவு, பாயின்ட் (தண்டவாளம் பிரியும் இடம்), சிக்னல், காஷன், அப்புறம் கூட்டம். இதில் கூட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிண்டியிலும் மாம்பலத்திலும் காலை ஒன்பது மணிக்கு இறங்குகிறவர்களுக்கு வழிவிடாமல் ஏறப் பார்க்கிறோம். கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டு, கிளம்பலாம் என்று இரண்டு தடவை மணியடிக்கப் போகிற நேரத்தில் படிக்கட்டிலிருந்து நாலு பேர் ஓடி வருவார்கள், அவர்களுக்காக ஏற்கெனவே ஏறியவர் கதவில் காலை வைத்துக்கொண்டு நிற்பார். ஒரு ஸ்டேஷனுக்குப் பத்து விநாடி இப்படிப் போனால் 16 ஸ்டேஷனில் 160 விநாடி. உச்ச வேகத்தை 90 ஆக்கிக் கிடைக்கிற இரண்டு நிமிடத்தைவிட இது கூடுதல். 2025 ஏப்ரலில் வந்த ஏ.சி. மின்சார ரயிலில் தானியங்கிக் கதவு இருக்கிறது, மெட்ரோவில் எப்போதும் உண்டு. கதவு மூடாமல் வண்டி நகராது. பையை நடுவில் வைத்தால் வண்டியே நிற்கும் என்பதை ஜனங்கள் மெட்ரோவில் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். அதே ஜனங்கள்தான் இங்கேயும்.

வாசகருக்கு நேரம்தான் வேண்டும் என்றால் அவர் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. ஒரு ஸ்டேஷனை நிற்காமல் தாண்டினால் என்ன மிச்சம்? நின்று போனால் இரண்டு இடைவெளிக்கு 250 விநாடி, நிற்க 30, ஆக 280. நிற்காமல் போனால் ஏறுவதற்கு 40, இறங்குவதற்கு 40, நடுவில் 2,600 மீட்டருக்கு 130, ஆக 210. ஒரே ஸ்டேஷனில் 70 விநாடி மிச்சம்! 90ல் ஓட்டிக் கிடைத்த ஏழு விநாடியின் பத்து மடங்கு. ஆறு ஸ்டேஷனை விட்டால் ஏழு நிமிடம். ஃபாஸ்ட் லோக்கல் என்பதன் சூட்சுமம் அவ்வளவுதான். அந்த ஆறு எவை என்பதை மட்டும் என்னைக் கேட்க வேண்டாம். பழவந்தாங்கல்காரர்கள் என் சொந்தக்காரர்கள்.

வண்டியை 90ல் ஓட்டக் கேட்பதில் எனக்கு இன்னொரு மனத்தாங்கல் உண்டு. அது தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பவர்களைப் பற்றியது. அவசர பிரேக் போட்டால் விநாடிக்கு ஒரு மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கை பிரேக்குக்குப் போகிற நேரத்தையும் விட்டுவிடுவோம். 72ல் வருகிற வண்டி 200 மீட்டரில் நின்றுவிடும். 90ல் வருகிற வண்டி நிற்க 312 மீட்டர் வேண்டும். சரி, 112 மீட்டர்தானே கூடுதல் என்று தோன்றும். முதல் வண்டி நின்றுபோன அந்த 200ஆவது மீட்டரில் இரண்டாவது வண்டி என்ன வேகத்தில் இருக்கும் என்று பேத்தியைக் கேட்டேன். 18 என்றாள், 90லிருந்து 72ஐக் கழித்து. விடை 54. மணிக்கு 54 கிலோமீட்டர். நின்றுவிடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, கழித்தல் கணக்கு அங்கே செல்லாது.

ரயிலால் ஒதுங்க முடியாது, ஹாரன் அடிக்கலாம், பிரேக் போடலாம், அவ்வளவுதான். நேரெதிரே வருகிற வண்டியின் வேகத்தைக் கண்ணால் கணிப்பது மனிதனுக்குக் கைவராத வித்தை. பக்கத்திலிருந்து பார்த்தால் இடம் மாறுவது தெரியும். எதிரே நின்று பார்த்தால் வண்டியின் உருவம் பெரிதாவது மட்டும்தான் தெரியும். தூரத்தில் இருக்கும்போது அது ரொம்ப மெதுவாகப் பெரிதாகும், கிட்டே வந்ததும் திடீரென்று பூதாகாரமாகும். போதாக்குறைக்கு, பெரிய பொருள் மெதுவாக வருவதுபோல் கண்ணுக்குத் தோன்றும். 200 மீட்டரில் தெரிகிற வண்டி 72ல் வந்தால் பத்து விநாடியில் காலடியில் இருக்கும். நான் பார்த்த முகங்களில் பலவற்றில் அலட்சியம் இல்லை, ‘இன்னும் நேரம் இருக்கு’ என்ற நம்பிக்கைதான் இருந்தது. ஒரு வண்டி போனதும் அதன் வால் தாண்டியவுடன் கடக்கிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். எதிர்ப்பாதையில் வருகிற வண்டியை அந்த வால்தான் மறைத்துக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் வைத்துத்தான், ஆசிரியர் அவர்களே, உங்கள் மாணவர் பக்கத்துக்கு ஒரு யோசனை. ‘ஒரு ரயில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது’ என்று தொடங்கும் கணக்குகளை எவ்வளவு நாள் போடுவது? நிஜமாக ஓடுகிற ரயிலை அளக்கச் சொல்லுங்கள். மின்கம்பி தாங்குகிற கம்பங்களில் எண் எழுதியிருக்கும், மேலே கிலோமீட்டர், கீழே அந்தக் கிலோமீட்டருக்குள் அந்தக் கம்பத்தின் எண். 14க்குக் கீழே 1 என்ற கம்பம் கடக்கும்போது போனில் ஸ்டாப்வாட்சை அமுக்கி, 15க்குக் கீழே 1 வரும்போது நிறுத்தினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கான நேரம் கிடைக்கும். 3,600ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 50 விநாடி என்றால் 72. ஜன்னலுக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்தால் போதும், தலையை வெளியே நீட்ட வேண்டியதில்லை. நடுவில் ஸ்டேஷன் வருகிற கிலோமீட்டருக்கும் வராத கிலோமீட்டருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பிள்ளைகளே எழுதட்டும். அடுத்தடுத்த இரண்டு கம்பத்துக்கு நடுவே அளந்தால் முள் காட்டுகிற வேகத்துக்கு எவ்வளவு கிட்டே போகிறோம் என்பதும் தெரியும். இடைவெளியைச் சுருக்கச் சுருக்க சராசரி வேகம் கணநேர வேகத்தை நெருங்குகிறது என்று புத்தகம் சொல்வதும் அதுவே.

திரிசூலம் தாண்டியதும் ஜி.எஸ்.டி. சாலை பக்கத்திலேயே வரும். ரயில் 72ல், பைக் 50ல் ஒரே திசையில் போனால் ஜன்னலில் பார்க்கிறவருக்கு அந்தப் பைக் 22ல் பின்னோக்கிப் போவதுபோல் இருக்கும். அதே நேரம் எதிர்ப்பாதையில் 72ல் ஒரு மின்சார ரயில் வந்தால் நமக்கு அது 144ல் வருகிறது, 250 மீட்டர் நீளமும் ஆறு விநாடியில் ஓடி முடிந்துவிடும். யாரிடமிருந்து பார்த்து அளக்கிறோம் என்று சொல்லாமல் வேகத்துக்குப் பொருளே இல்லை என்பதை இரண்டு பக்கத்து ஜன்னலும் காட்டிவிடும். ஆசிரியர்கள் பிள்ளைகளை ஒரு மத்தியானம் அழைத்துப் போனால் கரும்பலகையில் ஒரு வாரம் எழுதுவது மிச்சம்.

பைக்கில் போகிற அந்த வாசகரும் ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு எழுதட்டும். காலை ஒன்பது மணி வண்டியில் வேண்டாம், ஜன்னல் கிடைக்காது, கம்பமும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சைதாப்பேட்டையில் ஏறினால் உட்கார இடம் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார்மேன்,
குரோம்பேட்டை, சென்னை.